மாமியாரைப் பற்றி நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி

ஏற்காட்டிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் கண்டுவிடாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 46. காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. கணவர் வண்டி ஓட்டுகிறார். மகளுக்கு 16 வயது. சேலத்தில் விடுதியில் தங்கிப் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். 14 வயதில் பூப்பெய்தியவளுக்கு மாதவிலக்கு 40 நாள், 50 நாள் என்று தள்ளித் தள்ளி வருகிறது. ஸ்கேன் எடுத்ததில் "இரண்டு பக்கமும் நீர்க்கட்டி" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.2. எடையைக் குறைத்தால் கட்டி கரையும் என்று கைபேசியில் பார்த்துவிட்டு, காலை உணவையே நிறுத்திவிட்டாளாம். "கல்யாணம் செய்துவைத்தால் தானாகச் சரியாகும்" என்று உறவினர் ஒருவர் சொல்ல, தாய் கலங்கிப் போயிருக்கிறார். கடிதத்தில் மூன்று பக்கங்கள் இதைப் பற்றித்தான்.

தன்னைப் பற்றிப் பாதிப் பக்கம். ஒரு வருடமாகவே மாதவிலக்கு பத்து நாள் நீடிக்கிறது, கட்டி கட்டியாகப் போகிறது, மேட்டில் ஏறினால் படபடக்கிறது, கண் இருட்டுகிறது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்ததால் வந்த வினை என்று நினைக்கிறார். "பறிப்பு முடியட்டும். தை கழிந்ததும் கர்ப்பப்பையை எடுத்துவிடு, நிம்மதி" என்பது நாத்தனாரின் யோசனை. எடுக்கலாமா, கணவர் கையெழுத்துப் போட மறுத்தால் என்ன செய்வது, செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்கிறார்.

கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி: "மாமியாருக்கு 67 வயது, உடம்பு கனம், சர்க்கரையும் இருக்கிறது. தூரம் நின்று 15 வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது இரண்டு மாதமாகச் சேலையில் லேசாகக் கறை படுகிறது, இளமை திரும்பிவிட்டது என்று சிரிக்கிறார்." இதைப் பற்றி அவர் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்துத்தான் பதில் எழுத வேண்டியிருக்கிறது. மூன்று பக்கம் எழுதிய மகளின் பிரச்சினைக்கு அவகாசம் இருக்கிறது. பாதிப் பக்கத்தில் முடித்துக்கொண்ட உங்கள் பிரச்சினைக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன மாமியாரின் பிரச்சினைக்குச் சுத்தமாக இல்லை. வீட்டில் வயதான பெண்ணின் உடம்பு எப்போதும் கடைசி வரிக்குப் போய்விடுவதை என்னிடம் வரும் பல குடும்பங்களில் பார்க்கிறேன். அந்தப் பழக்கம் மாற வேண்டும் என்பதாலேயே உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மாமியார்

மாதவிலக்கு முழுதாக ஒரு வருடம் வராமல் இருந்துவிட்டால் அது நின்றுவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தாலும், இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ ஒரு கறை பட்டாலும், அதை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். எத்தனை நாள் வந்தது, எவ்வளவு வந்தது என்பது இரண்டாம் கேள்வி. நின்ற மாதவிலக்கு 15 வருடம் கழித்துத் திரும்பி வருவதில்லை. வருவது வேறு ஏதோ ஒன்று.

அந்த வேறு ஏதோ ஒன்று பெரும்பாலும் சாதாரணமானதுதான். ஹார்மோன் குறைந்ததால் பிறப்புறுப்பின் தோலும் கர்ப்பப்பையின் உள்சவ்வும் மெலிந்து கசிவது மிகப் பொதுவான காரணம். சிறு சதை வளர்ச்சியாக இருக்கலாம். சிறுநீர்ப் பாதையிலிருந்தோ ஆசனவாயிலிருந்தோ வரும் ரத்தம்கூடச் சேலையில் இதே போல்தான் தெரியும். ஆனால் இப்படி வரும் பெண்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பையின் உள்சவ்வில் புற்றுநோய் இருக்கிறது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் இப்படிக் காட்டிக்கொடுப்பதுண்டு.

உங்கள் மாமியார் விஷயத்தில் நான் கூடுதலாக அவசரப்படுத்துவதற்குக் காரணம், அவருக்குச் சர்க்கரையும் உடல் கனமும் சேர்ந்திருப்பது. சினைப்பைகள் ஓய்ந்த பிறகும் உடம்பின் கொழுப்புத் திசு ஈஸ்ட்ரோஜென் ஹார்மோனை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதற்கு அணை போடும் புரோஜெஸ்டிரான் அந்த வயதில் இருக்காது. உள்சவ்வு தடித்துக்கொண்டே போகும்; சிலருக்கு அந்தத் தடிப்பே நாளடைவில் புற்றாக மாறுகிறது. இந்தப் புற்றுநோயிடம் ஒரே ஒரு நல்ல குணம் உண்டு. கர்ப்பப்பைக்குள் இருக்கும்போதே ரத்தக்கசிவைக் காட்டிவிடும். அப்போதே கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலோரைக் குணப்படுத்த முடிகிறது. இரண்டு மாதம் ஏற்கெனவே போய்விட்டது. தை வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரம் முடியாவிட்டால் அடுத்த வாரம் போய்விடுங்கள்.

பரிசோதனை எப்படி இருக்கும் என்று தெரிந்தால் அவருடைய கூச்சம் பாதி குறையும். மருத்துவர் முதலில் கர்ப்பப்பை வாயைக் கருவி வைத்துப் பார்ப்பார். பிறகு உள்வழி ஸ்கேனில் உள்சவ்வின் தடிமனை அளப்பார்கள். 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. அதற்கு மேல் இருந்தாலோ, கசிவு நிற்காமல் தொடர்ந்தாலோ, மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டுச் சவ்வில் துளி எடுத்து பயாப்ஸி என்னும் திசுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். சில நிமிட வேலை. மாதவிலக்கு வலி போலச் சுருக்கென்று வலிக்கும், பிறகு அடங்கிவிடும். பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று கேட்கலாம், தயங்க வேண்டாம்.

அவரிடம் எப்படிச் சொல்வது? பயமுறுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். "அத்தை, நின்ற பிறகு கறை பட்டால் ஒரு தடவை டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டுமாம். நானும் எனக்காகப் போகிறேன், துணைக்கு வாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். தனக்காக வர மறுக்கும் பெரியவர்கள் மருமகளுக்குத் துணை என்றால் கிளம்பிவிடுவார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை கொண்டுவந்து தரும் பெண் உங்கள் வீட்டுக்கு வருகிறவராக இருந்தால் அவர் காதிலும் போட்டு வையுங்கள். மாமியார் ஆஸ்பிரின் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று பார்த்து, அந்தச் சீட்டையும் எடுத்துப் போங்கள்.

இனி உங்கள் விஷயம்

குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சையை நொந்துகொள்ளாதீர்கள். அதில் கருக்குழாயை மட்டுமே அடைக்கிறார்கள். கர்ப்பப்பையும் சினைப்பையும் முன்பு போலவே வேலை செய்கின்றன. அதனால் பத்து வருடம் கழித்துப் பெரும்போக்கு வராது. "நிற்கப் போகிற வயதில் இப்படித்தான் இருக்கும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்வதும் அரைகுறை உண்மைதான். நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நிற்கிறது. அதற்கு முந்தைய சில வருடங்களில் சில மாதம் கருமுட்டை வெளிவராது. உள்சவ்வு தடித்து, பிறகு ஒரேயடியாக உதிரும். இது நடப்பதுதான். ஆனால் அதே வயதில்தான் நார்க்கட்டி, கர்ப்பப்பைச் சுவர் வீக்கம், தைராய்டுக் குறைவு, உள்சவ்வுக் கோளாறு எல்லாமே வருகின்றன. எது என்று பார்க்காமல் "வயதுதான்" என்று விட்டுவிடக் கூடாது.

படபடப்பும் கண் இருட்டலும் உங்களுக்கு ரத்தசோகை இருப்பதைச் சொல்கின்றன. மகளுக்கு ரத்தம் பரிசோதித்த நீங்கள் உங்களுக்குப் பரிசோதிக்கவில்லை. பெண்ணுக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. 8-க்குக் கீழே போனால் கடுமையானது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் (2019-21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. இத்தனை பேருக்கு இருப்பதாலேயே இதை யாரும் நோயாக எண்ணுவதில்லை. இதே நிலையில் முதுகில் மூட்டையோடு சரிவில் ஏறுவது இதயத்துக்கு எவ்வளவு பாரம் என்று யோசியுங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். சுவரில் தொங்கும் நாள்காட்டியில், போக்கு இருக்கும் நாளில் எத்தனை முறை துணியோ நாப்கினோ மாற்றினீர்கள் என்று எண்ணைக் குறித்து வையுங்கள். கட்டி போனால் அது பத்து ரூபாய் நாணய அளவு இருந்ததா, அதைவிடப் பெரிதா என்று எழுதுங்கள். "நிறையப் போகிறது" என்று சொல்வதைவிட இந்தக் கணக்கு மருத்துவருக்கு நூறு மடங்கு உதவும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுதாக நனைந்து அது இரண்டு மணி நேரம் தொடர்ந்தாலோ, மயக்கம் வந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நாள் பார்க்காமல் 108-ஐ அழைத்துவிடுங்கள்.

உங்களுக்குத் தேவைப்படுபவை: ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, ஸ்கேன். 45 வயதைத் தாண்டி ஒழுங்கில்லாத பெரும்போக்கு இருந்தால் உள்சவ்வு பயாப்ஸியும் அவசியம். மாமியாருக்குச் சொன்ன அதே சிறு பரிசோதனைதான். கருத்தடை செய்திருந்தாலும் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்ய ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்வார்கள். அதைக் கேட்டுக் கோபப்பட வேண்டாம். கர்ப்பப்பை வாயில் நீர்த்த அமிலம் தடவிப் புற்றுநோய் அறிகுறி உண்டா என்று பார்க்கும் பரிசோதனை 30 வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளில் இலவசம். போக்கு நின்ற நாளில் அதையும் மார்பகப் பரிசோதனையையும் முடித்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பப்பையை எடுக்கலாமா?

எடுக்க வேண்டிய நிலைமைகள் உண்டு. நார்க்கட்டி மிகப் பெரிதாக இருந்தால், போக்கு மருந்துக்கு அடங்காவிட்டால், பயாப்ஸியில் புற்றுநோயோ அதற்கு முந்தைய நிலையோ தெரிந்தால், நானே எடுக்கச் சொல்வேன். ஆனால் ஒரு ஸ்கேன்கூட எடுக்காத இன்றைய நிலையில் நாத்தனார் சொல்வது முதல் படியைத் தாண்டிக் கடைசிப் படியில் கால் வைப்பது. அதற்கு முன் வழிகள் இருக்கின்றன. போக்கு உள்ள நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரனெக்ஸாமிக் அமில மாத்திரை, சில மாதங்களுக்கான ஹார்மோன் மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம். காப்பர்-டி போலவே இருக்கும் அந்தச் சாதனத்தை ஒரு முறை வைத்தால் ஐந்து வருடம் வேலை செய்யும், போக்கை வெகுவாகக் குறைத்துவிடும். உங்கள் வயதில் அந்த ஐந்து வருடத்துக்குள் மாதவிலக்கே நின்றுவிட நல்ல வாய்ப்பு இருக்கிறது. நின்ற பிறகு நார்க்கட்டியும் சுருங்கிவிடும். ஆளுக்கு ஆள் பொருத்தம் வேறுபடும். பக்கவாதமோ காலில் ரத்தக்கட்டோ முன்பு வந்திருந்தால் அதை மருத்துவரிடம் சொன்ன பிறகே இந்த மருந்துகளை எடுக்க வேண்டும்.

அறுவை சிகிச்சைதான் என்று முடிவானாலும், "சினைப்பைகளையும் எடுப்பீர்களா, ஏன்?" என்று கட்டாயம் கேளுங்கள். காரணமில்லாமல் இரண்டையும் எடுத்தால் மறுநாளே உடம்பு மாதவிலக்கு நின்ற நிலைக்குப் போய்விடும். உடம்பு தகிப்பது, எலும்புத் தேய்வு, இதய நோய் எல்லாம் சீக்கிரம் வந்து சேரும். அறுவைக்குப் பின் பல வாரம் பாரம் தூக்க முடியாது. ஆகவே அடுத்த பறிப்புக் காலத்தையும் கணக்கில் வைத்து நாள் குறிக்க வேண்டும். தேவையில்லாமல் கர்ப்பப்பை எடுப்பது நாட்டின் பல இடங்களில் நடந்து, விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. இதைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023-இல் அந்த நீதிமன்றம் உத்தரவிட்டது. இரண்டாவது மருத்துவரிடம் கருத்துக் கேட்பது முதல் மருத்துவருக்கு அவமரியாதை அல்ல.

கணவர் கையெழுத்தைப் பற்றிக் கேட்டீர்கள். சுயநினைவோடு இருக்கும் வயது வந்த பெண்ணின் உடம்பில் செய்யும் சிகிச்சைக்கு அவளுடைய சம்மதம்தான் சட்டப்படி வேண்டும். மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை அகற்றிய வழக்கில், அந்தச் சம்மதம் செல்லாது என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவைக்குப் பொருந்தாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. நடைமுறையில் மருத்துவமனைகள் குடும்பத்தினர் கையெழுத்தையும் கேட்கும். கணவருக்கு எடுத்துச் சொல்லிக் கூட அழைத்துப் போவது நல்லதுதான். ஆனால் அவர் வேண்டாம் என்றால் உங்கள் சிகிச்சை நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள்.

இன்னொன்று. வேலைக்குப் போனால் மதியம் வரை துணி மாற்ற மறைவிடம் இல்லை, அதனால் தண்ணீரே குடிப்பதில்லை என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். படித்தபோது மனம் வலித்தது. பெண்களுக்குத் தனிக் கழிப்பறை தர வேண்டியது 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொட்டே நிர்வாகத்தின் கடமை. நீங்கள் ஒருவர் தனியாகக் கேட்பதைவிட வேலைக்கு வரும் பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து கேளுங்கள். சிறுநீரை அடக்குவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் சேர்ந்தால் சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வரும்.

மகளுக்கு அவசரமில்லை, ஆனால் சாப்பிட வேண்டும்

பூப்பெய்தி இரண்டு வருடமே ஆன பெண்ணுக்கு மாதவிலக்கு முன்பின்னாக வருவது இயல்பு. முதல் மூன்று வருடங்களில் 45 நாள் வரை தள்ளிப்போவதை நாங்கள் கோளாறாகக் கணக்கிடுவதில்லை. உங்கள் மகள் அந்த எல்லையில் நிற்கிறாள், சற்று தாண்டவும் செய்கிறாள். கவனித்து வர வேண்டும். நோய்ப் பெயர் சூட்டக் கூடாது. பூப்பெய்தி எட்டு வருடம் ஆகும் வரை ஸ்கேனை மட்டும் வைத்து நீர்க்கட்டிக் கோளாறு என்று முடிவு செய்யக் கூடாது என்பதே சர்வதேச வழிகாட்டுதல். இளம் பெண்களின் சினைப்பையில் முட்டைப் பைகள் நிறையத் தெரிவது சாதாரணம். அவை கரைக்க வேண்டிய கட்டிகளே அல்ல. ஒரு தாளில் எழுதிய இரண்டு சொற்களுக்காகப் பதினாறு வயதுக் குழந்தை பட்டினி கிடக்கிறாளே என்று எனக்குக் கோபமாகவே இருக்கிறது.

பட்டினி கிடந்தால் மாதவிலக்கு இன்னும் தள்ளிப்போகும் என்பதை அவளிடம் சொல்லுங்கள். உடம்பில் சக்தி குறையும்போது மூளை கருமுட்டை வேலையைத்தான் முதலில் நிறுத்தி வைக்கும். முகத்தில் முடி, அளவுக்கு மீறிய முகப்பரு, வேகமாக எடை கூடுதல் இருந்தால் அல்லது மூன்று மாதத்துக்கு மேல் வராமலே இருந்தால் மருத்துவரிடம் காட்டி, தைராய்டு, புரோலாக்டின் ஆகிய ஹார்மோன்களின் அளவைப் பாருங்கள். அப்படியே அந்தக் கோளாறு இருந்தாலும் குழந்தை பிறக்காது என்று அர்த்தமில்லை. சிலருக்குச் சிகிச்சையோடும் பலருக்குச் சிகிச்சை இல்லாமலும் பிறக்கிறது.

கல்யாணம் இதற்கு மருந்து இல்லை. 18 வயதுக்கு முன் செய்வது குற்றமும்கூட. அந்தப் பேச்சை எடுக்கும் உறவினரிடம் "டாக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்" என்று என் மேல் பழியைப் போட்டுவிடுங்கள்.

அவளுடைய உண்மையான பிரச்சினை 9.2 தான். பாடம் மண்டையில் ஏறவில்லை, தூக்கம் வருகிறது என்று அவள் சொல்வதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். பீட்ரூட்டும் மாதுளையும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நம்பி இருக்காதீர்கள். அவற்றில் இரும்புச்சத்து கொஞ்சம்தான். ஈரல், சுவரொட்டி, முட்டை, பயறு, கேழ்வரகு, முருங்கைக் கீரை கொடுங்கள். ஆனால் இந்த அளவுக்குக் குறைந்த பிறகு உணவு மட்டும் போதாது, மருத்துவர் தரும் இரும்புச்சத்து மாத்திரை வேண்டும். எலுமிச்சைச் சாற்றுடன் சாப்பிட்டால் நன்றாக உடம்பில் சேரும். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காப்பி, டீ கூடாது. காப்பி விளையும் மலையில் இதைச் சொல்வது எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் அது இரும்புச்சத்தைத் தடுத்துவிடும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும். பூச்சி மாத்திரையும் ஒன்று. பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல மாத்திரையை வாங்கிப் பையில் போட்டு வைக்கிறாளா, விழுங்குகிறாளா என்று கேட்டுப் பாருங்கள். இதே விதிகள் உங்களுக்கும் பொருந்தும். உங்களுக்கு ரத்தம் மிகக் குறைவாக இருந்தால் நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றும் வசதி அரசு மருத்துவமனையிலேயே உண்டு.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசி அவளுக்குப் போடலாமா என்றும் மருத்துவரைப் பார்க்கும் அன்றே கேளுங்கள். 15 வயதைத் தாண்டியவர்களுக்கு மூன்று தவணையாகப் போடுவது வழக்கம்.

மலையிறங்கும் நாள்

ஏற்காடு அரசு மருத்துவமனையில் முதலில் காட்டி, கடிதம் வாங்கிக்கொண்டு சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவது நல்லது. நீங்களும் மாமியாரும் ஒரே நாளில் போய்விடுங்கள்; ஒரு நாள் கூலியோடு போகும். முதல் பஸ்ஸில் இறங்கினால் புறநோயாளிப் பிரிவில் சீக்கிரம் சீட்டு வாங்கலாம். ஆதார், குடும்ப அட்டை, மாமியாரின் சர்க்கரை நோட்டு, மகளின் ஸ்கேன் அறிக்கை, நீங்கள் குறித்த நாள்காட்டித் தாள் எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். மாமியாருக்கு வழியில் சாப்பிட ஏதாவது கொண்டுபோங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிட்டவர் பசியோடு வரிசையில் நிற்கக் கூடாது.

அரசு மருத்துவமனையில் உங்களுக்குப் பெரிய செலவு வராது. பிறகு தனியார் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இடமுண்டு. அட்டை இல்லையென்றால் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். உங்களுக்குத் தேவைப்படும் சிகிச்சை அந்தத் திட்டத்தில் அடங்குமா என்று மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பயாப்ஸி எடுத்தால் முடிவு அன்றே வராது. எந்தத் தேதியில், எந்த அறையில் வாங்க வேண்டும் என்று சீட்டின் பின்புறம் எழுதி வாங்கிக்கொண்டுதான் மலையேற வேண்டும். கறை நின்றுவிட்டது, இனி எதற்கு என்று பலர் அந்த இரண்டாவது பயணத்தை விட்டுவிடுகிறார்கள். மாமியாருக்குக் கறை நின்றிருந்தாலும் போய் முடிவை வாங்கி, மருத்துவரிடம் காட்டிவிட்டு வாருங்கள்.